காற்றில் ஆடிய பெட்டிகள்

தூத்துக்குடிக் கடற்படைத் துறைமுகத்தில் எந்தக் கப்பலில் எத்தனை ஏவுகணை ஏற்றுவது என்பதை இப்போது கணினிதான் முடிவு செய்கிறது. எதிரியின் செயற்கைக்கோள்களை ஏமாற்ற, சில கப்பல்களுக்கு அது காலிப் பெட்டிகளை அனுப்பும். எந்தக் கப்பலுக்கு என்பது யாருக்கும் தெரியாது. கிரேனில் இருக்கும் எடைகாட்டியைக்கூட மூடி ஒட்டிவிட்டார்கள்.

முப்பது வருடமாகக் கிரேன் ஓட்டும் சவேரியானுக்கு அன்று முதல் பெட்டியைத் தூக்கியதுமே சந்தேகம் வந்தது. கம்பிவடம் விறைக்கவில்லை, சின்னக் காற்றுக்கே பெட்டி ஆடியது. பத்தாவது பெட்டியும் அப்படித்தான். அவர் ஏற்றிக்கொண்டிருந்தது மகள் பிளாரன்ஸ் வேலை பார்க்கும் போர்க்கப்பலில். சாயங்காலம் புறப்படுகிறது. வெறுங்கையோடு அதை எங்கே அனுப்புகிறார்கள்? யார் கண்ணில் படுவதற்கு?

இருபது பெட்டிகளையும் ஏற்றிவிட்டு அவர் கீழே இறங்கியபோது மகள் விடைபெற வந்து நின்றாள். வெளியே சொன்னால் சிறை. ஆனாலும் அவரால் வாயை அடக்க முடியவில்லை.

“ஏட்டி, பெட்டியில ஒண்ணும் இல்லட்டி. உடம்புக்கு முடியலன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்திரு.”

“தெரியும்ப்பா,” என்றாள் அவள். “இருபது பெட்டி ஏத்தியும் கப்பல் தண்ணியில ஒரு விரக்கடைகூட இறங்கல. உள்ள எல்லாரும் பாத்துட்டோம்.”

“தெரிஞ்சுமா போற?”

“நான் இறங்கிட்டா என் இடத்துக்கு வேற ஒருத்தியத்தான ஏத்துவாங்க?” பிளாரன்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். “அம்மா கேட்டா, ஒவ்வொரு பெட்டியும் நல்ல கனம்னு சொல்லுங்கப்பா.”