மோர் வேணாம்

ஏதோ கூட்டம் என்று என் மனைவி மாக்கிறட் என்னைக் கோயில் மண்டபத்துக்கு இழுத்து வந்தாள். பார்த்தால், பிறவியிலேயே காது கேளாத டெனிஷா இளைஞர் கழகத்துக்குச் சைகை மொழி படிப்பித்துக்கொண்டிருக்கிறாள். பதினாறு வயது. அவள் கையசைத்தால் முழு வகுப்பும் சிரிக்கிறது, விரலை நீட்டினால் அடங்குகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காது கேக்காததுக்கு டீச்சர் வேலையா? வேற ஆளே கிடைக்கலையா?" என்று கழகத் தலைவன் கில்பட்டிடம் கேட்டேன்.

அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து கதைக்கவும் சோம்பல். போன கிழமை கடலில் என் மருமகன் ஜோர்ஜும் இப்படித்தான். "வலை கிடக்கு, எஞ்சினை நிப்பாட்டுங்க" என்று சொன்னானாம். வாய்க்குள்ளே சொன்னால் ஆருக்குக் கேட்கும்? வலை கிழிந்ததற்கு நானா பொறுப்பு?

கில்பட் கையில் பேனையோடு மறுபடி ஏதோ கேட்டான்.

"மோர் வேணாம், தடிமன் பிடிச்சு மூக்கால ஓடுது," என்றேன்.

பெட்டைகள் குலுங்கிச் சிரித்தார்கள். வளர்த்த விதம் அப்படி.

கில்பட் ஒரு தாளில் எழுதி நீட்டினான்: 'மோர் இல்ல அங்கிள், பேர் கேட்டேன். எஞ்சினோட இருந்தே உங்க காது போயிட்டு எண்டு அன்ரி சொன்னாங்க. சைகை படிக்காம இனி உங்களை வள்ளத்துல ஏத்த மாட்டாராம் ஜோர்ஜ் அண்ணன்.'

மாக்கிறட் நிலத்தைப் பார்த்தாள்.

டெனிஷா முன்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, உட்காரும்படி கைகாட்டினாள்.

அன்று முழுக்க எனக்குத் தெளிவாக விளங்கிய பேச்சு அது ஒன்றுதான்.