மக்கர் பண்ணும் கதவு

“நாய் வச்சிருந்தா வீடு கிடையாது,” என்றபடியே மாடியிலிருந்து இறங்கிவந்தார் வீட்டுக்காரர்.

வீடு தேடி அலுத்துப்போன கணவனும் மனைவியும், “எங்ககிட்ட நாயே இல்லை சார்!” என்றார்கள். நாய் வெளியே காரில் இருந்தது.

வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்துகாட்டப் போனார். அது மக்கர் பண்ணியது.

“இதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு...” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், கார் ஜன்னல் வழியே குதித்த நாய் உள்ளே பாய்ந்து, கதவின் கீழ்மூலையில் தலையால் முட்டியது. கதவு திறந்துகொண்டது!

மனைவி ஓடிவந்து நாயைப் பிடித்துக்கொண்டாள். “பொய் சொல்லிட்டோம் சார். ரெண்டு வருஷம் முன்னாடி ரோட்டோரம் கிடந்தான்...”

வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் முகத்தை நக்கியது.

“இவன் தொலைஞ்சதுலேருந்துதான் வேற நாயைப் பார்க்கவே மனசு வரல.”

“எங்ககிட்டேருந்து பிரிச்சிடாதீங்க சார்!”

அவர் சாவியை நீட்டினார். “வீடு அவனோடது. நீங்க வேணும்னா வாடகைக்கு இருந்துக்கோங்க.”