பக்கத்து ராஜ்ஜியம்

"ஜெயிக்கறதுக்கு வேணாம்மா. சீக்கிரம் தோக்காம இருக்கறதுக்கு மட்டும் சொல்லிக் குடு."

கம்ப்யூட்டர் கேம் சென்டர் நடத்தும் அவள் சிரித்துவிட்டாள். எதிரே நின்றவர் பஸ் டிரைவர். காலை டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார்.

"யாரோட ஆடப் போறீங்கண்ணே?"

"என் பையனோட. இந்த ராஜ்ஜியம் கட்டற ஆட்டம் இருக்குல்ல, எந்நேரமும் அதுலதான் கிடக்கறான். யார் வேணாலும் சேரலாமாம். நானும் வேற பேர்ல சேர்ந்தேன். ஒரு ஊரைக் கட்டி நிமிர்றதுக்குள்ள எவனோ குதிரைப்படையோட வந்து கதையை முடிச்சுட்டான். 'அடுத்த தடவை பாக்கலாம்'னு பையன் எழுதினான். அதோட சரி."

"நீங்கன்னு அவருக்குத் தெரியாதா?"

"அப்பான்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிடுவான்."

"வெளிநாட்டுல இருக்காரா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூரத்துலதான்மா இருக்கான். அவன் குரலைக் கேட்டே ரொம்ப நாளாச்சு. ஆட்டத்துக்குள்ள மட்டும் நாலு வார்த்தை எழுதறான். ஆட்டம் நீண்டாத்தானே பேச்சும் நீளும்?"

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முதல் ஊரை எங்க கட்டினீங்க?"

"கடலோரமா. காத்து நல்லா வருமேன்னு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு வீடு பாக்கலண்ணே, ராஜ்ஜியத்துக்கு இடம் பாக்கறோம். ஆத்தோரமா கட்டுங்க. முதுகுப்பக்கம் மலை இருக்கட்டும். எடுத்த எடுப்புல சிப்பாய் வேணாம். வேவு பாக்க ஒரு ஆளை அனுப்புங்க, யாரு எங்க இருக்காங்கன்னு தெரியணும். அடுத்து தானியக் கிடங்கு. வயிறு நிறைஞ்சாதான் ஊர் பெருசாகும். அதுக்கப்புறம் ரெண்டாவது ஊர்."

"அதை அவன் ஊருக்குப் பக்கத்துல கட்டலாமா?"

"கட்டலாம். ஆனா ரொம்ப ஒட்டிப் போனா எல்லை இடிக்கும். பிடுங்க வர்றீங்கன்னு நெனச்சு மதில் எழுப்பிடுவாரு."

"ஆமா" என்றார் அவர் மெல்ல. "எழுப்பிடுவான்."

"அதனால நடுவுல ஒரு ஆறு இருக்கற மாதிரி பாத்துக்கங்க. முதல்ல ஒரு தூதனை அனுப்புங்க. எதுவும் கேக்காதீங்க. உங்ககிட்ட மிச்சம் இருக்கறதைக் குடுங்க, அது போதும். நம்பிக்கை வந்தா அவராவே வழி திறந்து விடுவாரு."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"அது ஆளைப் பொறுத்தது."

"ஆகட்டும்மா. டிராஃபிக்ல காத்துக் கிடந்தே பழகினவன்தானே நான்."

அன்றிலிருந்து தினமும் மதியத்தில் வந்து உட்கார்ந்தார். வேவுக்காரனைக் 'கண்டக்டர்' என்பார். "கண்டக்டரை முன்னாடி அனுப்பிட்டேன், விசில் வந்ததும் ஊரை நகத்தறேன்" என்று அவர் சொல்லும்போது பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. தோற்பார். மறுபடி ஆரம்பிப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய ஊர்கள் நிலைத்து நிற்கத் தொடங்கின.

கடையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவருக்கே கொடுத்துவிட்டாள் அவள். ஒரு சாயங்காலம் அதை மாட்டிக் கொடுக்க அவர் வீட்டுக்கும் போனாள். அவர் மனைவி இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. படுக்கையறை மூலையில் ஒரு சின்ன மேசை தயாராக இருந்தது.

"சத்தம் மட்டும் துளிகூட வராம பண்ணிடும்மா" என்றார், தன் குரலையும் தாழ்த்திக்கொண்டு. "தட்டற சத்தமும் கேக்கக் கூடாது."

"யாராவது தூங்கறாங்களாண்ணே?"

"இல்ல... அப்படியே இருக்கட்டும்."

ஆட்டம் தொடங்கியது. பையனும் ஆட்டத்துக்குள் இருந்தான். அவர் அவசரப்படவில்லை. ஆற்றோரம் முதல் ஊர். முன்னால் வேவுக்காரன். கிடங்கு நிறைந்தது. பையனுடைய எல்லை எங்கே முடிகிறது என்று பார்த்து, நடுவில் ஒரு ஆறு ஓடும்படி விட்டு, இந்தக் கரையில் இரண்டாவது ஊரைக் கட்டினார். பிறகு கோதுமை மூட்டைகளோடு தூதனை அனுப்பினார். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை.

வெகுநேரம் எதுவும் வரவில்லை.

திரையில் எழுத்துகள் வந்தன: 'நன்றி பக்கத்து ராஜா. எல்லாரும் வாளோட வர்றாங்க. நீங்க என்னடான்னா கோதுமையோட வர்றீங்க!'

அதைத் தொடர்ந்து, ஆற்றின் மேல் ஒரு பாலம் முளைத்தது.

"திறந்துட்டாரு!" என்று அவள் கிசுகிசுத்தாள். "ஏதாவது எழுதுங்கண்ணே."

அவர் கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்: 'சாப்பிட்டாச்சா?'

"ஒரு ராஜா இன்னொரு ராஜாகிட்ட கேக்கற கேள்வியா இது?"

"வேற எதுவும் வரலம்மா."

பதில் உடனே வந்தது.

'இன்னும் இல்ல ராஜா. அப்பா என் ரூம் வாசல்ல வெச்சிருப்பாரு. ஆறிப்போயிருக்கும்.'

அவள் அதை இரண்டாம் முறை படிப்பதற்குள் டிரைவர் எழுந்துவிட்டார். "கொஞ்சம் ஆட்டத்தைப் பாத்துக்கம்மா, அவன் போயிடப் போறான்" என்று காதருகே சொல்லிவிட்டு, வெறுங்காலால் மெல்ல நடந்து கூடத்தைத் தாண்டினார். எதிரே உட்பக்கம் தாழிட்டிருந்த அறையின் வாசலில் இருந்த தட்டை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு, சூடு பண்ணப் போனார்.