ஞாயிற்றுக்கிழமைச் சொதி

“மணி பத்தரை ஆகப் போகுது. இப்ப வந்து நிப்பான் பாருங்க” என்றாள் சண்முகவடிவு.

அவள் கணவர் சிதம்பரநாதன் அடுப்பங்கரையில் இருந்தார். தேங்காய்த் துருவலைத் துணியில் முடிந்து முதல் பாலைப் பிழிந்துகொண்டிருந்தார்.

பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் அவருக்கு வேலை. வாரம் ஆறு நாளும் நின்றபடியேதான். ஞாயிறு ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கு அபிராமபுரம் வீட்டில் காலைப் பலகாரம் கிடையாது, காபியோடு சரி. பதினொரு மணிக்குத் தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல் என்று அவர் கையால் திருநெல்வேலிச் சாப்பாடு. கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். வடிவு அன்று அடுப்புப் பக்கமே போகக் கூடாது.

அந்தச் சாப்பாட்டுக்குத்தான் ஆறு மாதமாக ஒருவன் பங்குக்கு வந்துகொண்டிருந்தான். பின் போர்ஷன் ஜவஹர். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறவன். தனிக்கட்டை.

“தனியா இருக்கான், ஒரு வாய் போடுதோம், அது வேண்டாங்கல. ஆனா நேரா அடுப்பங்கரைக்குல்லா வாரான்! கொதிக்கிற சொதியக் கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாக்கான். அதுல குத்தம் வேற. ‘இன்னா அண்ணாச்சி, உப்பு கம்மியா கீதே’ங்கான். ஓசிச் சாப்பாட்டுக்கு இவ்வளவு ராங்கியா?”

“போகட்டும் வடிவு, சின்னப் பய.”

“முப்பது வயசுக்குச் சின்னப் பயலா?”

கொல்லைப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. வடிவு விறுவிறுவென்று போய்ப் பின்கதவில் நின்றுகொண்டாள்.

“அக்கா, அண்ணாச்சி கீறாரா?”

“அவருக்கு உடம்பு சரியில்ல. இன்னைக்குச் சமையல் இல்ல தம்பி.”

சொதி வாசனை அவளைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. ஜவஹர் தயங்கினான்.

“ஒரே ஒரு நிமிசம் அவரைப் பாத்துட்டு...”

“படுத்திருக்காருன்னு சொல்லுதேம்லா?”

“சரிக்கா” என்று திரும்பிப் போய்விட்டான்.

உள்ளே பம்ப் ஸ்டவ் இரைச்சலில் எதுவும் கேட்காத சிதம்பரநாதன், அதை அப்போதுதான் தணித்துவிட்டு நின்றிருந்தார்.

“ஜவஹர் வரலியா?”

“காணும். சினிமாவுக்குப் போயிருப்பான்.”

“கொஞ்சம் பொறுப்போமே.”

“எனக்குப் பசிக்கு.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். உப்பு ஜாடியைத் திறந்து கொஞ்சம் கல் உப்பு அள்ளிப் போட்டார். யோசித்தார். இன்னொரு கை போட்டார். முதல் பாலை ஊற்றி இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தார்.

இலை போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்றாவது இலை இல்லை. வடிவுக்கு மனசு நிறைந்திருந்தது.

முதல் வாய் வைத்தாள். நாக்கு சுரீர் என்றது. கடல் தண்ணீர் மாதிரி அப்படியொரு கரிப்பு.

“அத்தான், இதுல...” என்று நிமிர்ந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

அதற்குள் அவர் நாலைந்து வாய் சாப்பிட்டிருந்தார். இரண்டாவது கரண்டி சொதியை ஊற்றிப் பிசைந்து சாவகாசமாகச் சாப்பிட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“எப்படி இருக்கு வடிவு?”

புடவையை விரித்துப் போட்டுவிட்டு வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்ப்பது போல அவள் முகத்தையே பார்த்தார்.

சித்திரையில் அவருக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். எழுந்த பிறகு, ஒருநாள் சர்க்கரை போட மறந்த காபியைப் பேசாமல் குடித்தார். புளிப்பே இல்லாத ரசத்தையும் அப்படித்தான். ‘எதைப் போட்டாலும் ஒரு வார்த்தை சொல்லுறதில்ல’ என்று அவள் உள்ளுக்குள் குறைப்பட்டிருந்தாள்.

“நல்லாயிருக்கு அத்தான்” என்றாள்.

இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அவர் மறுபடி கரண்டியை எடுத்தபோது பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மிச்சம் பூரா எனக்கு. நீங்க மோர் ஊத்திக்கிடுங்க.”

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மோரை ஊற்றிக்கொண்டார்.

அவர் கண்ணயர்ந்ததும் வடிவு பின் போர்ஷனுக்குப் போனாள். ஜவஹர் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

“எத்தனை நாளா தம்பி அவருக்கு இப்படி?”

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

“காய்ச்சல் வுட்டதுலேர்ந்தேக்கா. நாக்குல ஒண்ணும் தெரியலையாம். உங்களாண்ட சொன்னா, காய்ச்சலப்ப மாதிரி மறுபடியும் சோறு தண்ணி இல்லாம கோயில் கோயிலாப் போவீங்கன்னு பயப்படறாரு. ‘வடிவுகிட்டக் கேட்டா எப்படியிருந்தாலும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவா, நீ வந்து நெசத்தச் சொல்லுப்பா’ன்னு கேட்டுக்கினாரு.”

வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உன்னை வாசல்லயே திருப்பி அனுப்பினது தப்பு தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமை வா. எனக்கு விஷயம் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம். நேரா அடுப்பங்கரைக்கே வா. வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுப் போ.”

ஜவஹர் தலையைச் சொறிந்தான்.

“ருசி பாக்க வர்றேன்க்கா. சாப்பாடு மட்டும் வாணாம். தேங்காப்பாலு நம்ம ஒடம்புக்கு ஆவாது. உங்களுக்கு சந்தேகம் வரக் கூடாதேன்னு குந்தித் துன்னுட்டு, ஒவ்வொரு ஞாயித்துக்கெயமயும் சாயங்காலம் வரைக்கும் வயித்தப் புடிச்சிக்கினுதான் படுத்துக் கெடக்கறேன்.”