பழைய துறையில் ஒரு கூவல்

வாணி வாவிக்கரையில் மீன் கழுவ உட்கார்ந்தால் போதும், அவள் புருசன் தங்கவடிவேல் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றுவிடுவார்.

"இஞ்ச புள்ள, பாலம் வர முன்னம் இதுதான் தோணித்துறை. கூ எண்டு கூப்பிட்டா அக்கரையில இருந்து தோணிக்காரன் வருவான். கூப்பிட்ட ஆளை ஏத்தாமப் போகமாட்டான்."

கலியாணம் முடித்த நாள் தொட்டு இதே தோணிதான். செத்த வீட்டிலும் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து இதைச் சொன்ன மனுசன்.

அவருக்குப் பழிப்புக் காட்டவென்றே வாணி "கூ..." என்று நீட்டிக் கூவினாள்.

"வாறன்" என்று அக்கரையில் ஒரு குரல் கேட்டது.

தோணி வந்து நின்றது. தண்ணீர் அசையவில்லை.

"கூப்பிட்டது ஆர்?" என்றான் தோணிக்காரன்.

"இவர்தான். கொண்டு போங்க. உங்கட கதையை உங்களுக்கே சொல்லுவார்," என்றாள் வாணி.

தங்கவடிவேல் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சின்னப்பிள்ளை போல ஏறினார். அவள் மீன் ஆணம் காய்ச்சி, வீடு அமைதியாகக் கிடக்க, வயிறாறச் சாப்பிட்டாள்.

பொழுது சாயத் தோணி திரும்பி வந்தது. அவர் இறங்கவில்லை. கதையும் முடிந்திருக்கவில்லை.

"கூவினது பொம்பிளைக் குரல்," என்றான் தோணிக்காரன்.

தங்கவடிவேல் பேச்சை நிறுத்தாமலே, தனக்குப் பக்கத்துப் பலகையை அவளுக்காகத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார்.