ஆறாவது பிடி

"என் மகளை ஒரு மெக்கானிக் மயக்கிட்டான்!" என்று டோலீடோ சர்ச் வாசலில் நின்று கத்தினது நீர்தானே, ஐயா?

ஊரே நம்பியது. நானும்தான்.

டாரில் என் கார் ஷெட்டில் வேலை பார்த்தவன். முப்பத்திரண்டு வயது. உம்ம மகள் கோராவுக்குப் பதினெட்டு. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னாலேயே கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம்.

"ஏன்டா, தேனிலவு எங்கே? கார் தூக்குற லிஃப்ட்டுக்கு அடியிலயா?" என்று ஷெட்டில் கிண்டல் பண்ணுவார்கள்.

"ஆமா. வந்து டயரைப் பிடி" என்பான்.

அந்த வருஷமே அவள் கொலம்பஸ் காலேஜுக்குப் போய்விட்டாள். இவன் இங்கே, அதே ஒற்றை அறையில். அவனைக் கட்டிக்கொள்ள இருந்த லீனா எதிரே உள்ள டைனர் ஓட்டலில் காபி ஊற்றுகிறவள். அவன் கோப்பையை மட்டும் தாண்டிப் போவாள்.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டா அவகிட்ட!"

"அவ படிச்சு முடிக்கட்டும், முதலாளி."

"யாரு, லீனாவா?"

வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டான். இப்படியே நாலு வருஷம் ஆகப்போகிறது.

போன செவ்வாய்க்கிழமை அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது முட்டுக் கொடுத்த ஜாக் நழுவியது. வண்டியைத் தூக்கினபோது உயிர் இல்லை.

கோரா பஸ் பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் மனைவி என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நாள் குடித்தனம் பண்ணலை. அழுகை வேறயா?"

"புருஷன் இல்லை, சார். அண்ணன்."

"என்ன உளர்ற?"

"காலேஜுக்கு அரசாங்க உதவிப் பணம் கேக்கணும்னா அப்பாவோட வருமானத்தைக் காட்டணும். அப்பா மாட்டேன்னுட்டார். 'பதினெட்டு ஆச்சுல்ல, இனி உன் பாடு'ன்னார். கையிலிருந்தும் ஒரு டாலர் தரலை. எனக்குக் கல்யாணம் ஆயிட்டா மட்டும் அப்பா கணக்கைக் கேக்க மாட்டாங்க. கார் ரிப்பேருக்கு வந்தப்ப இதைச் சொல்லி அழுதேன். 'அழாதே, என் பேரை வெச்சுக்கோ. என் சம்பளத்தைப் பாத்தா அவங்களே பாவப்பட்டுக் குடுப்பாங்க'ன்னு சிரிச்சார்."

"லீனாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"வெளியே தெரிஞ்சா என் பணத்தை நிறுத்திடுவாங்கன்னு பயந்தார். இந்த மே மாசம் எனக்குப் பட்டம். அன்னிக்கே போய் லீனாகிட்ட சொல்றேன்னார்."

லீனாவிடம் நானே சொல்லிவிட்டேன். கையிலிருந்த காபி வழிந்தது தெரியாமல் நின்றாள்.

நாளைக் காலையில் அடக்கம். சவப்பெட்டியைத் தூக்க ஆறு பிடி. ஐந்துக்கு ஆள் இருக்கிறோம்.

நீர் செய்ய வேண்டியதைச் செய்தவன் உள்ளே கிடக்கிறான். அந்த ஆறாவது பிடியையாவது வந்து பிடியும், ஐயா!