ஆயுள் தலைவர் உறையைப் பிரிக்கிறார்

சித்தூர் தேவாலயக் கூடத்தின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் மதிய வெயில், இன்பசேகரனின் வழுக்கையை ஊதாவாக்குகிறது. கழுத்தில் ரோஜா மாலை. சற்றுமுன்தான் அவர் சபையின் ஆயுள் தலைவர் ஆனார். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டுபவள் ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர் ஞானசௌந்தரி. போன சபைத் தேர்தலில் அவள் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்தவர் அவர்தான். அதனால்தான் இம்முறை கமிட்டியில் இடம்பிடித்து அவளே அவரை முன்மொழிந்தாள்: கப்பலோட்டி வாழ்ந்த பழைய வெனிஸ் குடியரசின் தலைவரைப் போலச் சாகும்வரை பதவி, அந்த ஊர் விதிகளோடு. 'சாகும்வரை'யோடு தீர்மானத்தைப் படிப்பதை நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டார் மனுஷர். இப்போது மேசைமேல் கிடக்கும் பேராயர் அலுவலக உறையின் ஓரத்தில் அவர் விரல் நுழைகிறது. "இருங்கண்ணா! வெனிஸ்ல தலைவரு தனியா லெட்டர் பிரிக்கக்கூடாது. ரெண்டு மெம்பரு பக்கத்துல இருக்கணும்." "இன்னாமா, வெளையாடுறியா?" "வேலூருக்குப் போவணும்னாலும் கமிட்டிய கேட்டுக்கினுதான் போவணும். உங்க மச்சானுக்குப் பதவி கெடையாது. எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுக்கீறீங்களே." மின்விசிறி கிறீச்சிடுகிறது. ஊதா வழுக்கையில் வியர்வை பூக்கிறது. "அப்டின்னா இப்பவே ராஜினாமா!" ஞானசௌந்தரி அருகில் போய், சரிந்த மாலையைப் பாசத்தோடு நேராக்குகிறாள். "அதுக்கும் கமிட்டி ஒத்துக்கணும்ணா. நாங்க ஒத்துக்க மாட்டோம்."